கோப்புப் பகிர்வில் உங்களை எப்படி மறைத்துக்கொள்வது? யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டொரண்ட் (பலர் ஒரு கோப்பைத் தங்களுக்குள் துண்டு துண்டாகப் பகிரும் முறை), வி.பி.என். (உங்கள் இணையப் போக்குவரத்தை வேறொரு நிறுவனத்தின் கணினி வழியாக அனுப்பும் சேவை), வட்ஸ்அப்பில் ஆவணம் அனுப்புவது, பென்ட்ரைவில் படம் ஏற்றுவது பற்றி யாழ்ப்பாணத்தில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கம்பஸ் பிள்ளைகளும் கேட்கிறார்கள். வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள பெற்றோரும் கேட்கிறார்கள். காணி உறுதிகளையும் பழைய கடிதங்களையும் ஸ்கான் பண்ணி வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள். எந்தப் பதிலை வாசிக்கும்போதும் ஒன்றை உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்: யாரிடமிருந்து மறைக்க வேண்டும்? அயலவரிடமிருந்தா, இணைய நிறுவனத்திடமிருந்தா, பதிப்புரிமைக்காரரின் சட்டத்தரணியிடமிருந்தா, அதிகாரத்தில் இருப்பவரிடமிருந்தா? ஆள் மாறினால் வழியும் மாறும். அதைத் தீர்மானிக்காமல் யாரோ சொன்ன ஒரு அப்பை இறக்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பதுதான் ஆபத்து.

டொரண்டிலை ஒரு ஃபைல் இறக்கேக்க என்னை ஆர் ஆர் பாக்கலாம்?

அந்தக் கோப்பை அதே நேரத்தில் இறக்கிக்கொண்டோ ஏற்றிக்கொண்டோ இருக்கும் எவரும் பார்க்கலாம். இது மென்பொருளில் உள்ள ஓட்டை அல்ல. அந்த வலையமைப்பு வேலை செய்யும் முறையே அதுதான்.

2001இல் பிராம் கோஹன் பிட்டொரண்டை உருவாக்கியபோது, பெரிய கோப்பு ஒன்றை ஒரே சேவையகத்தில் சுமை ஏறாமல் பலருக்கு விரைவாகப் பரப்புவதே நோக்கம். ஆளை மறைப்பது அந்த நோக்கத்தில் இருக்கவில்லை. கோப்பு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. உங்களிடம் வந்துசேர்ந்த துண்டுகளை மற்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டே மிகுதியை வாங்குகிறீர்கள். துண்டு உங்கள் வீட்டுக்கு வந்து சேரவேண்டுமென்றால், இணையத்தில் உங்கள் இணைப்பைக் குறிக்கும் இலக்கமான ஐ.பி. முகவரி அனுப்புபவருக்குத் தெரிந்தே ஆகவேண்டும். எந்த டொரண்ட் மென்பொருளையும் திறந்து 'பியர்ஸ்' என்ற பகுதியைப் பாருங்கள். வரிசையாக முகவரிகள், எந்த நாடு, எந்த மென்பொருள், கோப்பில் எத்தனை வீதம் முடிந்திருக்கிறது என்று எல்லாம் தெரியும். அவர்களின் திரையில் நீங்களும் அப்படியே தெரிகிறீர்கள்.

இதற்கு முந்தைய காலத்தையும் சொல்லவேண்டும். 1999இல் வந்த நாப்ஸ்டரில், யாரிடம் என்ன பாட்டு இருக்கிறது என்ற பட்டியல் ஒரு நிறுவனத்தின் சேவையகத்தில் இருந்தது. வழக்குகளுக்குப் பின் 2001இல் அந்தச் சேவை நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகு வந்த வலையமைப்புகள் மையத்தை நம்பியிருப்பதைக் குறைத்துக்கொண்டே போயின. மூடுவதற்கு ஒரு கதவு இல்லாமற் போனது நல்லதுதான். ஆனால் ஒரு நிறுவனத்தின் கையில் இருந்த பட்டியல் இப்போது கேட்பவர் எல்லோருக்கும் கிடைக்கிறது. 2005இலிருந்து டொரண்டில் டி.எச்.டி. எனப்படும் பகிர்ந்த முகவரி அட்டவணை பயன்படுகிறது. இதில் யாரும் இணைந்து, எந்தக் கோப்பை எந்த முகவரிகள் தேடுகின்றன என்று நாள் முழுக்கச் சேகரிக்கலாம். அப்படிச் சேகரித்து, 'உங்கள் முகவரியில் இறக்கப்பட்டவை இவை' என்று காட்டும் இணையத்தளங்களே இருக்கின்றன. பதிப்புரிமைக் கண்காணிப்பு நிறுவனங்கள் செய்வதும் இதைத்தான். அவர்கள் உங்கள் கணினிக்குள் நுழைய வேண்டியதில்லை, அந்தக் கோப்பைப் பகிர்ந்துகொண்டிருக்கும் கூட்டத்துக்குள் வந்து நின்றாலே போதும்.

ஐ.பி. முகவரியை வச்சு எங்கட வீட்டைக் கண்டுபிடிக்கேலுமோ?

சாதாரண ஆளால் முடியாது. முகவரியை வைத்து இடம் காட்டும் தளங்கள் யாழ்ப்பாணத்து இணைப்பையும் பல வேளைகளில் கொழும்பு என்றே காட்டும். ஆனால் உங்கள் இணைய நிறுவனத்துக்கு, குறித்த நாளில் குறித்த நேரத்தில் அந்த முகவரி யார் பெயரிலுள்ள இணைப்புக்குக் கொடுக்கப்பட்டது என்று தெரியும். வீட்டு இணைப்பும் சிம்மும் அடையாள அட்டை இலக்கத்துடன் பதியப்பட்டவை. கைபேசி இணைப்புகளில் ஒரே வெளி முகவரியைப் பலர் பகிர்வது வழமை என்பதால் சிலர் 'நான் கூட்டத்துக்குள் மறைந்துவிட்டேன்' என்று நினைக்கிறார்கள். எந்த நேரத்தில் எந்த வாயில் எண் (ஒரே முகவரிக்குள் இணைப்புகளைப் பிரித்தறியும் எண்) யாருக்குப் போனது என்ற பதிவை நிறுவனம் வைத்திருந்தால் அந்த மறைவு அங்கேயே முடிந்துவிடும்.

2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், விசாரணை ஒன்றுக்காகச் சந்தாதாரர் விபரங்களைச் சேவை வழங்குநரிடமிருந்து பிடியாணையுடன் பெற இடமளிக்கிறது. அவசர நிலைகளுக்கு விதிவிலக்கும் அதில் உண்டு.

இலங்கையிலை ஆர் உதுகளைத் தேடிப் பிடிக்கினம்? ஏன் பயப்பிடுவான்?

படம் இறக்கியதற்காக வீடு வீடாக வந்து யாரும் கேட்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்காகச் சட்டம் இல்லை என்று ஆகிவிடாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பதிப்புரிமை மீறலுக்குச் சிவில் வழக்கும் வரலாம், குற்ற வழக்கும் வரலாம். எழுத்தாளர் இறந்து 70 ஆண்டுகள் வரை அவரது படைப்புக்கு உரிமை உண்டு. யாழ்ப்பாணத்தில் ஒரு படம் எடுப்பவரும் ஒரு பாட்டு இசையமைப்பவரும் எவ்வளவு சொந்தக் காசைக் கொட்டுகிறார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் நாங்கள். அவர்களின் வேலையைக் களவாகப் பரப்புவதற்கு மறைவிடம் தேடித் தருவது இந்தப் பதில்களின் வேலை அல்ல.

அப்படியென்றால் பயப்படுவது எதற்கு? யார் எதைப் படிக்கிறார், எதைப் பார்க்கிறார், எதைச் சேர்த்து வைக்கிறார் என்ற பட்டியல் ஒருவரைப் பற்றி எவ்வளவு சொல்லும் என்பதற்காகத்தான். இன்று யாருக்கும் வேண்டாத பட்டியல் பத்து வருடத்துக்குப் பிறகு யாருக்கு வேண்டப்படும் என்று எங்கள் ஊரில் யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள்.

ஜேர்மனியிலை மச்சான் வீட்டை போய் நிக்கப் போறன். லப்டொப்பைக் கொண்டு போகலாம்தானே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் எழுதவேண்டும். ஏனென்றால் இங்கே எதுவும் நடக்காத ஒரு பழக்கம் அங்கே சொந்தக்காரருக்குக் காசுச் செலவாகவும் மனஸ்தாபமாகவும் முடியும்.

டொரண்ட் மென்பொருள் பல கணினிகளில் கணினி தொடங்கும்போதே தானாகத் தொடங்கும். நீங்கள் யாழ்ப்பாணத்தில் இறக்கி முடித்த படம் இன்னும் பட்டியலில் இருந்தால், மச்சான் வீட்டு வைஃபையில் இணைந்த உடனேயே அதை மற்றவர்களுக்கு ஏற்றத் தொடங்கிவிடும். நீங்கள் அங்கே ஒன்றையும் இறக்கியிருக்க மாட்டீர்கள். ஆனால் மச்சானின் முகவரி கூட்டத்தில் தெரியும். ஜேர்மனியில் உரிமைக்காரரின் சட்டத்தரணிகள் அந்த முகவரிக்குரியவரை நீதிமன்றத்தின் ஊடாக அறிந்து, பல நூறு யூரோ கேட்டு எச்சரிக்கைக் கடிதம் அனுப்புவது நெடுநாளாக நடக்கும் காரியம். கடிதம் யார் இறக்கினாரோ அவருக்கு வராது. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே வரும். 'என் வீட்டில் வந்து நின்றவர்' என்று விளக்கம் கொடுக்கவேண்டிய நிலை அவருக்கு. வதிவிட அனுமதி, குடியுரிமை விண்ணப்பம் என்று ஏதாவது நடந்துகொண்டிருக்கும் வீட்டில் சட்டத்தரணியின் கடிதம் என்ன பதற்றத்தை உண்டாக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நாட்டுக்கு நாடு முறை வேறு. பிரான்சில் 2009இன் ஹடோப்பிச் சட்டத்தோடு வந்த படிப்படியான எச்சரிக்கை முறை, 2022இலிருந்து ஆர்கொம் என்ற அமைப்பின் கீழ் நடக்கிறது: முதலில் மின்னஞ்சல், பிறகு பதிவுத் தபால், அதற்கு மேலும் தொடர்ந்தால் வழக்கு. கனடாவில் 2015இலிருந்து இணைய நிறுவனம் உரிமைக்காரரின் அறிவித்தலை வாடிக்கையாளருக்குக் கட்டாயம் அனுப்பவேண்டும். அந்த அறிவித்தலிலேயே காசு கேட்டு மிரட்டுவதை 2018 டிசம்பரில் வந்த சட்டத் திருத்தம் தடுத்தது. ஆகவே கனடாவில் பெரியம்மாவுக்கு அப்படி ஒரு மின்னஞ்சல் வந்து அதில் 'உடனே இவ்வளவு டொலர் கட்டு' என்று இருந்தால், அவசரப்பட்டுக் கட்டாமல் யாரிடமாவது காட்டச் சொல்லுங்கள். சுவிசில் சொந்தப் பாவனைக்கு இறக்குவது குற்றமில்லை, ஏற்றுவது உரிமை மீறல். டொரண்ட் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வதால் அந்தச் சலுகை டொரண்டுக்கு உதவாது. அதே சுவிசின் உயர் நீதிமன்றம் 2010இல், ஐ.பி. முகவரியும் தனிநபர் தரவுதான், அதை ஆளுக்குத் தெரியாமல் ஒரு தனியார் நிறுவனம் திரட்டியது தவறு என்று தீர்ப்புச் சொன்னது. முகவரிதானே, அதில் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான்.

செய்யவேண்டியது சிறிய வேலை. பயணத்துக்கு முன் டொரண்ட் மென்பொருளில் உள்ள பட்டியலை முழுக்க அகற்றுங்கள், தானாகத் தொடங்கும் தெரிவை நிறுத்துங்கள். மென்பொருளையே அகற்றிவிட்டுப் போவது இன்னும் நல்லது. கைபேசியிலும் பாருங்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நிற்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி அனுப்புங்கள். இங்கே மாமா வீட்டில் இறக்கியது அங்கே போய்ப் பேசும்.

வி.பி.என். போட்டாச் சரிதானே?

பாதி சரி. வி.பி.என். போட்டால் கூட்டத்தில் உள்ளவர்களுக்கு உங்கள் வீட்டு முகவரிக்குப் பதில் வி.பி.என். நிறுவனத்தின் முகவரி தெரியும். உங்கள் இணைய நிறுவனத்துக்கு நீங்கள் வி.பி.என். பாவிப்பது தெரியும், உள்ளே என்ன போகிறது என்று தெரியாது. ஆனால் இதுவரை உங்கள் இணைய நிறுவனம் பார்த்ததை எல்லாம் இப்போது வி.பி.என். நிறுவனம் பார்க்கும் நிலையில் இருக்கிறது. நம்பிக்கையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். 'பதிவு வைப்பதில்லை' என்று விளம்பரம் சொல்வது வேறு, நீதிமன்றக் கட்டளை வரும்போது நடப்பது வேறு. 2011இல் ஒரு நிறுவனத்தின் கணினிகளுக்குள் புகுந்த வழக்கில் அமெரிக்க இளைஞர் ஒருவர் பிடிபட்டபோது, அவர் பாவித்த பிரித்தானிய வி.பி.என். நிறுவனமே இணைப்புப் பதிவுகளை அதிகாரிகளுக்குக் கொடுத்திருந்தது.

தவிர, உங்கள் சொந்த வங்கி அட்டையால் காசு கட்டி, சொந்த மின்னஞ்சலில் கணக்குத் திறந்துவிட்டு 'நான் யாரென்று தெரியாது' என்று சொல்ல முடியாது. என்ன செய்கிறீர்கள் என்பதை வி.பி.என். ஓரளவு மறைக்கும். யார் செய்கிறார் என்பதை மறைப்பது அதைவிடப் பெரிய வேலை.

இலங்கையில் வி.பி.என். பாவிப்பதைத் தடைசெய்யும் சட்டம் இல்லை. 

இலவச வி.பி.என். கனக்கக் கிடக்குதே, அது காணாதோ?

2018 மார்ச்சில், 2019 ஏப்ரலில், பிறகு 2022 ஏப்ரல் 3இல் இலங்கையில் சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டன. அந்த நாட்களில் வெளிநாட்டுப் பிள்ளைகளோடு பேச வழியில்லாமல் ஊர் முழுக்கக் கிடைத்த இலவச வி.பி.என்.ஐ இறக்கியது. தடை போய்விட்டது. அப் இன்னும் பலரின் போனில் இருக்கிறது. அதை இன்றே எடுத்துப் பாருங்கள், வேண்டாவிட்டால் அகற்றுங்கள்.

சேவையகங்களுக்கும் அலைவரிசைக்கும் ஒவ்வொரு மாதமும் காசு வேண்டும். நீங்கள் கட்டாவிட்டால் வேறு யாரோ கட்டுகிறார், அவருக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்கவேண்டும். ஒனாவோ என்ற இலவச வி.பி.என்.ஐ ஃபேஸ்புக் 2013இல் வாங்கி, பாவனையாளர்கள் எந்தெந்த அப்களை எவ்வளவு பாவிக்கிறார்கள் என்று அறியப் பயன்படுத்தியது. 2018இல் ஆப்பிள் கடையிலிருந்து அது விலக்கப்பட்டது, அடுத்த ஆண்டு மூடப்பட்டது. ஹோலா என்ற இன்னொன்று, இலவசமாகப் பாவிப்பவர்களின் வீட்டு இணைப்பையே வேறு ஆட்களுக்கு வெளிவாசலாக விற்றது 2015இல் வெளிவந்தது. அதாவது யாரோ ஒருவர் செய்யும் காரியம் உங்கள் வீட்டு முகவரியிலிருந்து போனதாகப் பதிவாகும். மறைய நினைத்துப் போட்ட கருவி மற்றவன் செய்ததற்கு உங்களைப் பொறுப்பாளி ஆக்குகிறது.

இலவசம் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். காசு கட்டும் வாடிக்கையாளர்களைக் கொண்டு நடக்கும் சில நிறுவனங்கள் வேகத்தைக் குறைத்து இலவசமாகவும் தருகின்றன. அவற்றில் பெரும்பாலும் டொரண்டுக்கு இடமில்லை.

வி.பி.என். இடையிலை அறுந்தா என்ன நடக்கும்?

மழை, காற்று, கரண்ட் வெட்டு, 4ஜி தளம்புவது என்று எங்கள் பக்கத்தில் இணைப்பு அறுவது புதிதல்ல. வி.பி.என். அறுந்த கணத்தில் டொரண்ட் மென்பொருள் காத்திருக்காது. நேரடியாக வீட்டு முகவரியில் தொடர்ந்துகொண்டே போகும். இரவில் போட்டுவிட்டுப் படுத்தால் விடியும்வரை அப்படியே போகும்.

வி.பி.என். அப்பில், அது அறுந்தால் இணையத்தையே நிறுத்தும் 'கில் ஸ்விட்ச்' என்று ஒரு தெரிவு இருக்கும், அதைப் போடுங்கள். அதோடு நிற்காமல் டொரண்ட் மென்பொருளையே வி.பி.என்.உடன் கட்டிவிடுங்கள். கியூபிட்டொரண்ட் என்ற டொரண்ட் மென்பொருளின் அமைப்புகளில் மேம்பட்ட பகுதிக்குள் வலையமைப்பு இடைமுகம் (எந்த இணைப்பால் வெளியே போவது) என்று ஒரு தெரிவு உண்டு. 'எந்த இடைமுகமும்' என்று இருப்பதை மாற்றி வி.பி.என்.இன் இடைமுகத்தைத் தெரிவு செய்தால், வி.பி.என். இல்லாத நேரத்தில் ஒரு பைட் கூட வெளியே போகாது. டெபியன் அல்லது உபுண்டு லினக்ஸ் கோப்பு ஒன்றை இறக்க விட்டு, நடுவில் வி.பி.என்.ஐ நிறுத்திப் பாருங்கள். வேகம் பூச்சியத்துக்கு வந்து நிற்கவேண்டும். நிற்காவிட்டால் எங்கோ தவறவிட்டிருக்கிறீர்கள்.

ஐ.பி.வி.6 முகவரியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சில வி.பி.என்.கள் பழைய வகை முகவரியை மட்டும் மூடிவிட்டுப் புதிய வகையைத் திறந்தே விடுகின்றன. டொரண்ட் அந்த வழியாலும் போகும். உங்கள் வி.பி.என். அதைக் கையாளாவிட்டால் கணினியில் ஐ.பி.வி.6ஐ நிறுத்திவிடுங்கள்.

டொரண்ட் மென்பொருளிலையே 'அநாமதேய நிலை', 'மறையாக்கம்' எண்டு இருக்கே, அதுகளைப் போட்டாக் காணாதோ?

காணாது. கியூபிட்டொரண்டின் அநாமதேய நிலை மென்பொருளின் பெயர் போன்ற சில அடையாளங்களை மறைக்கும், உங்கள் முகவரியை மறைக்காது. மறையாக்கம், அதாவது போகும் தரவை இடையில் நிற்பவர் வாசிக்க முடியாதபடி மாற்றுவது, 2006 அளவில் பரவியது, இணைய நிறுவனங்கள் டொரண்டை அடையாளம் கண்டு வேகத்தைக் குறைப்பதைத் தவிர்ப்பதற்காக. நீங்கள் யாரோடு துண்டு மாற்றுகிறீர்களோ அவருக்கு எல்லாம் தெரிந்தபடியே இருக்கும். கண்காணிப்பவர் வந்து நிற்பது அந்த இடத்தில்தான்.

டோருக்குள்ளால டொரண்ட் ஓட்டலாமோ?

வேண்டாம். டோர் என்பது உங்கள் போக்குவரத்தைப் பல கணினிகள் வழியாகச் சுற்றி அனுப்பி முகவரியை மறைக்கும் வலையமைப்பு. அந்தத் திட்டத்தினரே 2010இல் இதை எச்சரித்தார்கள். டோர் யு.டி.பி. என்ற வகைப் போக்குவரத்தைக் கொண்டுபோகாது. டொரண்ட் மென்பொருள்களோ டி.எச்.டி.க்கு யு.டி.பி.யைத்தான் பாவிக்கின்றன, ஆகவே அந்தப் பகுதி டோரைத் தாண்டி நேரே வெளியே போய்விடும். சில மென்பொருள்கள் தங்கள் உண்மையான முகவரியைச் செய்திக்குள்ளேயே எழுதி, யாரிடம் கோப்பு இருக்கிறது என்று சொல்லும் சேவையகமான டிராக்கருக்கு அனுப்புகின்றன. உறையை எத்தனை தடவை மாற்றினாலும் உள்ளே கடிதத்தில் முகவரி எழுதியிருந்தால் பயனில்லை. அதைவிட, டோர் தொண்டர்களின் கணினிகளில் ஓடுகிறது. ஊடகவியலாளரும் ஒடுக்கப்படும் மக்களும் செய்தி அனுப்ப நம்பியிருக்கும் பாதையில் நாங்கள் படம் இறக்கி நெரிசல் ஏற்படுத்துவது நியாயமில்லை.

அப்ப உண்மையிலேயே மறைவான வலை எண்டு ஒண்டும் இல்லையோ?

இருக்கிறது. ஐ-டூ-பி என்ற வலையமைப்புக்குள் டொரண்ட் பகிர்வு உள்ளேயே நடக்கும், முகவரி வெளியே வராது. கியூபிட்டொரண்டும் 2023இலிருந்து இதைப் பரீட்சார்த்தமாக ஆதரிக்கிறது. 2000இல் ஃப்ரீநெட் என்ற பெயரில் தொடங்கி இப்போது ஹைஃபனெட் என்று அழைக்கப்படுவது இன்னொன்று. இரண்டும் மெதுவானவை, கோப்புகளும் குறைவு. ஐ-டூ-பியில் கலந்து பகிரும் தெரிவைப் போட்டால் சாதாரணக் கூட்டத்திலும் முகவரி தெரிந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஃபைலுக்குள்ள என்ர பேர் இருக்குமோ?

இருக்கும், பல வேளைகளில். போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த நேரம், போன் வகை, இடம் பதியும் தெரிவு திறந்திருந்தால் வீட்டின் ஆள்கூறு வரை இருக்கும். 2012இல் தலைமறைவாக இருந்த, வைரஸ் தடுப்பு மென்பொருளால் பெயர்பெற்ற ஜோன் மக்காஃபியின் படத்தை ஒரு சஞ்சிகை வெளியிட்டபோது, படத்துக்குள் இருந்த ஆள்கூறே அவர் குவாத்தமாலாவில் இருப்பதைக் காட்டிக்கொடுத்தது. வேர்ட் கோப்பில் எழுதியவர் பெயரும், பி.டி.எஃப்.இல் உருவாக்கிய மென்பொருளும் தேதியும் இருக்கும்.

வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்தத் தகவல்கள் நீங்கும். தரம் குறையக்கூடாது என்று அதே படத்தை ஆவணமாக அனுப்பினால் எல்லாம் அப்படியே போகும். இதைத் தெரியாமல் பலர் வீட்டுப் படங்களை ஆவணமாக அனுப்புகிறார்கள். கணினியில் எக்சிஃப்டூல், மாட்2 போன்ற இலவச மென்பொருள்களால் இவற்றை நீக்கலாம். நீக்கிய பிறகு இன்னொரு முறை திறந்து பார்த்து உறுதிப்படுத்துங்கள். கோப்பின் பெயரையும் கவனியுங்கள். உள்ளே உள்ளதை எல்லாம் துடைத்துவிட்டு, பெயரில் ஆளின் முழுப்பெயரும் ஊரும் இருந்தால் என்ன பயன்?

கலியாண வீடியோவைக் கனடாவுக்கு அனுப்போணும், நல்ல பெரிய ஃபைல். என்ன வழி?

டொரண்ட் வேண்டாம். 'தனியார் டொரண்ட்' என்ற தெரிவும் வேண்டாம், அது டி.எச்.டி.யைத்தான் நிறுத்தும், பூட்டுப் போடாது.

இரு பக்கமும் கணினி இருந்தால் சிங்க்திங் என்ற மென்பொருள் நல்லது. இலவசம், இடையில் எந்த நிறுவனத்தின் சேமிப்பிலும் கோப்பு தங்காது, இணைப்பு அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒருவரின் சாதன அடையாளத்தை மற்றவர் ஒப்புக்கொண்டால்தான் பகிர்வு தொடங்கும். ஒருமுறை மட்டும் அனுப்பவேண்டும், அனுப்பியது யார் என்றும் இடையில் எவருக்கும் தெரியக்கூடாது என்றால் ஒனியன்ஷெயார் என்ற மென்பொருள். இது டோர் வழியாக உங்கள் கணினியிலிருந்தே நேரடியாகக் கொடுக்கும். மற்றவர் இறக்கி முடிக்கும்வரை உங்கள் கணினி ஓடிக்கொண்டிருக்கவேண்டும், எங்கள் வேகத்தில் பொறுமையும் வேண்டும்.

இவை எதுவும் ஒத்துவராமல் கூகிள் டிரைவில்தான் போடப்போகிறீர்கள் என்றால், முதலில் 7-சிப் மென்பொருளால் கடவுச்சொல் வைத்துப் பொதி செய்யுங்கள். கோப்புப் பெயர்களையும் மறையாக்கும் கட்டத்தில் சரி போடுங்கள். கடவுச்சொல்லை இணைப்பு அனுப்பிய அதே வட்ஸ்அப்பில் எழுதாமல், அழைத்து வாயால் சொல்லுங்கள். 'இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்' என்று போட்டுவிட்டு மறந்துபோன குடும்ப அல்பங்கள் எத்தனையோ இருக்கின்றன.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின்ர குடும்பங்களிட்டச் சேர்த்த படங்கள், வாக்குமூலங்கள் இருக்கு. எப்பிடிப் பகிர்ந்து வைக்கிறது?

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தாய்மாரின் தொடர் போராட்டத்துக்கு முன்னும் பின்னும், எத்தனையோ பேர் தங்கள் கையில் உள்ள ஒரே படத்தையும் ஒரே கடிதத்தையும் நம்பிக்கையோடு மற்றவர்களிடம் கொடுத்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்குக் காவல் இருப்பவர் நீங்கள். இங்கே மறைக்கவேண்டியது உங்களை மட்டுமல்ல.

பொது வலையமைப்பு எதிலும் இவற்றைப் போடாதீர்கள். ஒருவர் பிறகு 'என் பெயரை எடுத்துவிடுங்கள்' என்று கேட்டால் எடுக்கக்கூடிய இடத்தில் மட்டுமே அது இருக்கவேண்டும். பெயர்ப் பட்டியலை வாக்குமூலங்களோடு ஒரே கோப்புறையில் வைக்காதீர்கள். வாக்குமூலத்துக்கு ஒரு இலக்கம் கொடுத்து, எந்த இலக்கம் யாருடையது என்ற தாளை வேறு ஒருவரிடம் வேறு இடத்தில் வையுங்கள். பென்ட்ரைவிலோ வன்தட்டிலோ வைப்பதானால் வெராகிரிப்ட் என்ற மென்பொருளைக் கொண்டு முழுவதையும் மறையாக்குங்கள். ஒரு பிரதி போதாது, இரண்டாவது பிரதி வேறு ஊரில் அல்லது வேறு நாட்டில், நீங்கள் நேரில் அறிந்த ஒருவரிடம் இருக்கவேண்டும். வட்ஸ்அப் உரையாடல் 2016இலிருந்து முழு மறையாக்கத்தில் இருக்கிறது. ஆனால் கூகிள் கணக்குக்குப் போகும் அதன் காப்புப்பிரதி, நீங்களாக அந்தத் தெரிவைப் போட்டால் மட்டுமே மறையாக்கப்படும். போய்ப் பாருங்கள். வாக்குமூலம் தந்தவரிடம், எங்கே வைக்கப்படும், யார் பார்ப்பார் என்று அவருக்கு விளங்கும் சொற்களில் சொல்லி ஒப்புதல் வாங்குவது எந்த மென்பொருளையும் விட முதன்மையானது.

கொம்யூனிகேஷனிலை பிரிண்ட் எடுக்க வட்ஸ்அப்பிலை அனுப்பினாப் பிரச்சினையோ?

அடையாள அட்டை, பாஸ்போட், வங்கிக் கூற்று எல்லாம் கடைக் கணினியின் தரவிறக்கக் கோப்புறையில் அடுக்காகக் கிடக்கும். கடைக்காரர் நல்லவராக இருக்கலாம், அந்தக் கணினியில் உட்காரும் எல்லோரையும் அவருக்குத் தெரியாது. பிரிண்ட் எடுத்ததும் உங்கள் கண்முன்னே அழிக்கச் சொல்லுங்கள், குப்பைத் தொட்டியிலிருந்தும். பக்கத்தில் நின்று கேட்க வெட்கப்படவேண்டாம். பென்ட்ரைவில் கொண்டுபோவதானால் அந்த ஒரு கோப்பு மட்டும் உள்ள பென்ட்ரைவைக் கொண்டுபோங்கள். அழித்த கோப்புகளை மீட்பது சுலபம் என்பதால், பழைய படங்கள் இருந்த பென்ட்ரைவை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

அப்ப டொரண்டே வேண்டாம் எண்டு சொல்லுறீங்களோ?

இல்லை. பிரதிகள் பல கைகளில் இருப்பது எவ்வளவு பெறுமதி என்று யாழ்ப்பாணத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1981இல் யாழ் நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் போயின. வேறு பிரதி இல்லாதவை அதோடு போயே போயின. 2005இலிருந்து நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமமாக்கி எவரும் படிக்கத் திறந்து வைத்திருக்கிறது. உரிமைக் காலம் முடிந்த நூல், எழுதியவரே தாராளமாகப் பகிரச் சொன்ன நூல், லினக்ஸ், லிப்ரே ஒபிஸ் போன்றவற்றை நாள் முழுக்கப் பகிர்ந்துகொண்டிருங்கள். அவற்றுக்கு ஒளிவு மறைவு தேவையில்லை. ஒரு வகுப்பறையில் முப்பது கணினிக்கு ஒரே மென்பொருளை ஏற்றவேண்டிய ஆசிரியருக்கு டொரண்ட் தரும் உதவி பெரியது.

தவறுதலா ஒரு குடும்ப ஃபைலை டொரண்டிலை போட்டிட்டம். திருப்பி எடுக்கேலுமோ?

உடனே மென்பொருளில் அதை நிறுத்தி அகற்றுங்கள். மற்றவர்கள் எல்லோரிடமும் போன துண்டுகளைச் சேர்த்தாலும் முழுக் கோப்பு ஆகாது என்றால் அது அங்கே நின்றுவிடும். பியர்ஸ் பகுதியில் யாராவது நூறு வீதத்தை அடைந்திருந்தால் கோப்பு இனி உங்கள் கையில் இல்லை, எந்த நிறுவனத்திடம் முறையிட்டும் பயனில்லை. துண்டு ஒன்றும் போகாவிட்டாலும், டி.எச்.டி.யைத் துருவும் தளங்கள் கோப்புகளின் பெயரையும் அளவையும் எடுத்துச் சேமித்திருக்கலாம், ஆகவே சில நாள் கழித்து அந்தப் பெயரை இணையத்தில் தேடிப் பாருங்கள். அப்படி ஒரு தளத்தில் தென்பட்டால் நீக்கச் சொல்லி அந்தத் தளத்துக்கு எழுதலாம். கோப்புக்குள் வங்கி விபரம் இருந்தால் வங்கிக்கு அறிவியுங்கள், கடவுச்சொல் இருந்தால் மாற்றுங்கள். வேறு ஆட்களின் படமோ ஆவணமோ இருந்தால், அவர்கள் மூன்றாம் ஆளிடமிருந்து கேள்விப்படுவதற்கு முன் நீங்களே இன்றைக்கே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.